நாற்காலிக்குப் பின்னால் நின்றவர்கள்

குன்னூரில் நான் வாடகைக்கு இருந்த அறைக்குச் சற்று மேலே, சாலை வளைகிற இடத்தில், அந்த உணவகம் இருந்தது. ஒரு பழைய பங்களாவின் முன்னறைகள் இரண்டையும் கண்ணாடி வராந்தாவையும் சேர்த்துப் பன்னிரண்டு மேசைகள் போட்டிருந்தார்கள். அச்சடித்த மெனு கிடையாது. வாசலில் ஒரு கரும்பலகை மட்டும். அந்த வாரம் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து என்ன வந்ததோ, அதை வைத்து ஐரோப்பியச் சமையலில் ஏழெட்டு வகை அதில் எழுதியிருக்கும். பிளம்ஸ் காலம் முடிந்ததும் பிளம்ஸ் பலகையிலிருந்து போய்விடும். அப்புறம் யார் கேட்டாலும் அடுத்த வருஷம்தான்.

நான் அரசு நடுநிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். கரும்பலகையில் எதையாவது எழுதி வைத்தால் என்னால் படிக்காமல் கடந்து போக முடியாது. தினமும் பள்ளிக்குப் போகிற வழியில் நின்று படிப்பேன். தெரியாத சொற்களை ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு, மத்தியான இடைவேளையில் செல்போனில் பொருள் பார்ப்பேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படித்தவனுக்குப் புரியாத சொல் ஒன்று ரோட்டோரமாக எழுதிக் கிடக்கிறது என்றால், அதை என்னோடு மல்லுக்கு நிற்பதாகவே எடுத்துக்கொள்வேன்.

ஒரு காலையில் அப்படி நின்று எழுதிக்கொண்டிருந்தபோது, ஈரத்துணியோடு ஒரு பெண் வெளியே வந்தாள். வெள்ளை ஏப்ரன் கட்டியிருந்தாள். என் நோட்டைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள்.

"எழுதி முடிச்சுட்டீங்களா? அழிக்கலாமுங்களா?" என்றாள்.

வகுப்பில் நான் பிள்ளைகளிடம் தினமும் கேட்கிற கேள்வி. "ஒரு நிமிஷம்" என்று பிள்ளைகள் சொல்கிற பதிலையே நானும் சொன்னேன். அவள் சிரிக்காமல் காத்திருந்தாள். நான் முடித்த பிறகுதான் அழித்தாள்.

அவள் அங்கே சமையல் செய்பவள். அருவங்காட்டில், தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவள். கோயம்புத்தூரில் கேட்டரிங் படித்துவிட்டுத் திரும்பி வந்திருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் முதல் முறையாக உள்ளே போய்ச் சாப்பிட்டேன். அதற்கடுத்த ஞாயிறும் போனேன். அதற்குப் பிறகு ஞாயிறுகளை எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ஒன்றரை வருஷம் கழித்துத்தான் வீட்டில் கல்யாணத்தைப் பற்றிப் பேசினோம். அவள் வீட்டில் ஒரு வாரம் யோசித்துவிட்டுச் சரி என்றார்கள். எங்கள் வீடு என்பது குன்னூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் உள்ளே, எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடுகளில் ஒன்று. அப்பா கவாத்து வெட்டுபவர். தேயிலைச் செடியை மட்டம் தட்டுகிற அந்த வேலையில் அவருக்கு முப்பத்தைந்து வருஷம் ஆகிவிட்டது. அம்மா கொழுந்து பறிப்பவள். அப்பா உடனே தலையாட்டிவிட்டார். அம்மா ஆட்டவில்லை.

சாதி, ஜாதகம், ஓட்டலில் வேலை செய்கிற பெண் என்று அவள் எதை எடுத்தாலும் பதில் சொல்லத் தயாராகப் போயிருந்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நாளைக்கு நாங்க உங்க ஊட்டுக்கு வந்தா, அந்தப் புள்ள எங்கள எங்க உக்கார வெக்கும்?"

அதற்கு ஒரு காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு அம்மாவும் அப்பாவும் போயிருந்தார்கள். படித்த மருமகள் வந்த வீடு. சோபாவில் துணி காயப் போட்டிருக்கிறது என்று சொல்லி, பின்பக்கம் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு அங்கேயே காப்பி கொடுத்தார்களாம். திரும்பும்போது அம்மா சோபாவை எட்டிப் பார்த்திருக்கிறாள். அதில் துணி எதுவும் இல்லை.

இந்தப் பெண் அப்படிப்பட்டவள் இல்லை என்று நான் எவ்வளவோ சொன்னேன். "நீ சொல்லுவ சாமி, உனக்கு வேணுமல்ல" என்று அம்மா முடித்துக்கொண்டாள்.

பெண்ணை நேரில் பார்க்கட்டும் என்றால் அதிலும் ஒரு சிக்கல். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் லீவு ஞாயிற்றுக்கிழமை மட்டும். உணவகத்தில் கூட்டம் நெரிகிறதும் ஞாயிற்றுக்கிழமைதான். அன்றைக்கு அவள் நகர முடியாது. இதைச் சொன்னபோது அவள் கொஞ்சமும் தயங்கவில்லை. அப்படியானால் அவர்களை இங்கேயே கூட்டி வாருங்கள், நான் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு அப்புறம் வேண்டாம் என்று சொல்லட்டும் என்றாள்.

அடுத்த இரண்டு ஞாயிறும் நான் லைன் வீட்டில் பாடம் நடத்தினேன். குன்னூர் மார்க்கெட்டில் முள்கரண்டி மூன்று, கத்தி மூன்று வாங்கிப் போயிருந்தேன். எந்தக் கையில் எது, துணியை மடியில் எப்படி விரிப்பது, சூப்பைச் சத்தமில்லாமல் எப்படிக் குடிப்பது, சாப்பிட்டு முடித்ததற்கு அடையாளமாகக் கத்தியையும் முள்ளையும் தட்டில் எப்படிச் சேர்த்து வைப்பது என்று வரிசையாகச் சொல்லிக் கொடுத்தேன். பயிற்சிக்கு இட்லி. அப்பா முள்ளை ஓங்கிப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் இட்லியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத குத்த மனசு வரல்லடா" என்றார். அம்மா பாடத்தைக் கவனமாகக் கேட்டாள், எல்லாவற்றையும் சரியாகச் செய்தாள். பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி இருந்தாள். அவளைப் பரீட்சைக்கு அனுப்புவது நான்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஆடி மாசம். காற்றோடு சாரல். ஒரு மணிக்கு மேசை சொல்லி வைத்திருந்தேன். ஆனால் எஸ்டேட் பஸ் என்றைக்கும் இல்லாத அதிசயமாகச் சீக்கிரம் வந்துவிட்டது. பன்னிரண்டரைக்கே நாங்கள் வாசலில் நின்றோம். அம்மா கல்யாணங்களுக்குக் கட்டுகிற அரக்குச் சேலை கட்டி, மேலே ஸ்வெட்டர் போட்டிருந்தாள். அப்பா கையில் குடையும் மஞ்சள் பையும் இருந்தன. பைக்குள் தவிட்டுப்பழம், மலையில் புதரில் தானாகக் காய்க்கிற சின்னப் பழம். வருகிற வழியில் வேலியோரம் பறித்தது, பெண்ணுக்கு.

உள்ளே ஒரே சத்தம். அந்த இடம் எப்போதும் அப்படித்தான். முக்கால்வாசிப் பேர் அக்கம்பக்கத்துக்காரர்கள். ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் பேச்சு பறக்கும். மீதி, லவ்டேல் பள்ளி விடுதியில் படிக்கிற பிள்ளையைப் பார்க்க வந்த பெற்றோர், விடுமுறைக்கு வந்த பெங்களூர்க்காரர்கள், மேசைக்கடியில் படுத்திருக்கும் யாருடைய நாயோ ஒன்று. பின்சுவரில் பாதி திறந்த சமையலறை. அங்கிருந்து மணி அடித்தால் ஒரு தட்டு தயார் என்று அர்த்தம். அன்றைக்கு மணி ஓயவே இல்லை.

அம்மாவையும் அப்பாவையும் வாசலுக்குள் நிறுத்திவிட்டு, உணவகத்தை நடத்துகிற அம்மாவிடம் விசாரிக்கப் போனேன். அவர் நோட்டைப் பார்த்து, ஜன்னலோர மேசை எங்களுக்குத்தான், அதில் இருக்கிறவர்கள் எழுந்ததும் கூப்பிடுகிறேன், அதுவரை வெளியே பெஞ்சில் இருங்கள் என்றார். நல்லபடியாகத்தான் சொன்னார். இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். திரும்பிப் பார்த்தால், நிறுத்திய இடத்தில் அவர்கள் இல்லை.

நடு அறையில், வட்ட மேசையில், வயதான தம்பதி ஒன்று சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், வெள்ளை மீசை. மலைக்கு மேலே பங்களாவில் இருக்கிறார்கள், ஞாயிறு தவறாமல் வருவார்கள். அந்த அம்மாளின் நாற்காலிக்குப் பின்னால், சாய்மானத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு எங்கள் அம்மா நின்றிருந்தாள். மீசைக்காரரின் நாற்காலிக்குப் பின்னால் குடையோடு அப்பா.

பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பந்திக்கு இடம் பிடிப்பது அப்படித்தான். சாப்பிடுகிறவர் பின்னால் போய் நிற்க வேண்டும். அவர் எழுந்தால் அந்த நாற்காலி நமக்கு. யாரும் தப்பாக நினைப்பதில்லை. அப்படி நிற்காதவன் மூன்றாவது பந்தியிலும் சாப்பிட மாட்டான். மடியில் துணி விரிப்பதிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்த நான், இடத்துக்குக் காத்திருப்பது எப்படி என்று சொல்லித் தரவில்லை. அதற்கு இரண்டு முறை இருக்கும் என்று எனக்கே தோன்றவில்லை.

நான் மேசைகளுக்கு நடுவே நெருக்கியடித்துக்கொண்டு போவதற்குள், அந்த அம்மாள் திரும்பிப் பார்த்து, தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில், என்ன வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டுவிட்டார். பந்தியில் எல்லாரும் சொல்கிற மரியாதை வார்த்தையை எங்கள் அம்மா சொன்னாள்.

"நீங்க மெதுவா சாப்பிடுங்கம்மா. அவசரமில்லீங்க."

அந்த அம்மாள் மெல்லுவதை நிறுத்திவிட்டார். மீசைக்காரர் வேகமாக மெல்லத் தொடங்கினார். அப்பா அவர் தோளுக்கு மேலாக எட்டித் தட்டைப் பார்த்து, "இன்னும் ரசத்துக்கே வரல்ல போலிருக்கு" என்று அம்மாவுக்குத் தகவல் சொன்னார். பக்கத்து மேசையில் இரண்டு பேர் சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அம்மாவின் முழங்கையைப் பிடித்தேன்.

"இங்கெல்லாம் இப்படி நிக்கக் கூடாதும்மா. வெளிய வந்து பெஞ்சுல உக்காருங்க."

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் அது வகுப்பில் எழுந்து நிற்கிற பையனிடம் பேசுகிற குரல். அம்மா சாய்மானத்திலிருந்து கையை எடுத்தாள். சேலைத் தலைப்பை இழுத்து ஸ்வெட்டருக்கு மேல் சரி செய்தாள். என்னைப் பார்க்கவில்லை. "வாங்க, போலாம்" என்று அப்பாவிடம் சொன்னாள். அவள் சொன்னது பெஞ்சை இல்லை, பஸ் ஸ்டாண்டை என்று எனக்குத் தெரிந்தது. ஒன்றரை வருஷம் அந்த இரண்டு வார்த்தையில் முடிந்துபோனது போலிருந்தது.

சமையலறைக் கதவு திறந்தது. அவள் வெளியே வந்தாள். கையெல்லாம் மாவு. முன்பின் பார்த்ததில்லை என்றாலும், அந்தக் கூட்டத்தில் அரக்குச் சேலையும் மஞ்சள் பையும் யாருடையவை என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என்னிடம் வரவில்லை. நேரே அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து, ரகசியம் சொல்வது போல் குனிந்தாள்.

"ஏனுங்கம்மா, இங்க நிக்காதீங்க. இவங்களுக்கு இன்னும் இனிப்பே போகலீங்க. அந்த ஜன்னலோரம் பாருங்க, காப்பி குடிச்சு முடிச்சுட்டாங்க. அங்க போய் நின்னுக்கலாம், வாங்க."

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தாள். அங்கே நான்கு பேர் காலிக் கோப்பைகளை வைத்துக்கொண்டு கதை பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எந்திரிப்பாங்களா?" என்றாள் அம்மா.

"நாம போய் நின்னா எந்திரிப்பாங்க."

இரண்டு பேரும் போனார்கள். அப்பா குடையோடு பின்னாலேயே போனார். அவள் ஒரு நாற்காலியின் சாய்மானத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அம்மா அடுத்ததை. அப்படி நிற்பதில் அவளுக்கு நல்ல பழக்கம் இருந்தது. உடம்பைக் கொஞ்சம் சாய்த்து, சாப்பிடுகிறவரைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்கிற அந்த முறை. தொழிற்சாலைக் குடியிருப்புக் கல்யாணங்களில் கற்றதாக இருக்கும். அந்த நான்கு பேரும் திரும்பிப் பார்த்தார்கள், விஷயம் புரிந்து சத்தமாகச் சிரித்தார்கள், எழுந்தார்கள். அதில் ஒருவர் திருநெல்வேலிக்காரராம். ஊரில் அத்தை மகள் கல்யாணத்தில் இப்படித்தான் தன்னை எழுப்பினார்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். நடத்துகிற அம்மா கையில் நோட்டோடு நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, எங்கள் பெயரை ஒரு கோடு போட்டு அடித்தார்.

அவள் ஏப்ரன் நுனியால் நாற்காலியைத் தட்டி, "உக்காருங்க" என்றாள். அம்மா உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி. அந்த மேசைதான் அங்கே நல்ல மேசை.

முதலில் உருளைக்கிழங்கும் லீக்ஸும் சேர்த்த சூப் வந்தது. லீக்ஸ் என்பது வெங்காய இனத்தைச் சேர்ந்த ஒரு தண்டு, ஐரோப்பாவில் குளிர்காலத்தில் அதிகம் உண்பார்கள் என்று நோட்டில் இருந்ததை அப்பாவுக்கு விளக்கத் தொடங்கினேன். பாதி விளக்கத்தில் அவர் ஒரு வாய் குடித்தார். "விளங்குது. நுவரெலியாவுல நான் சின்னதுல திண்டதுதான் இது. இத வதக்கித்தான் பாத்திருக்கேன், கரைச்சு இண்டைக்குத்தான் பாக்குறன்" என்றார். பத்து வயதில் இலங்கையிலிருந்து கப்பலேறி இங்கே வந்தவர் அவர். நான் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தேன்.

அடுத்து முழுதாக வாட்டிய கோழி, அதைச் சுற்றி சின்னச் சின்ன கேரட், பீட்ரூட், டர்னிப். மண்ணிலிருந்து இழுத்த அன்றைக்கே அடுப்பில் ஏறினால்தான் இருக்கிற ருசி. மேலே ஏதோ பொடி இலை தூவியிருந்தது. அம்மா முள்கரண்டியை இடது கையில் சரியாகப் பிடித்து, இரண்டு வாய் சாப்பிட்டாள். பிறகு அதைத் தட்டோரம் வைத்துவிட்டுக் கையால் எடுத்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு நான் ஒழுங்காகச் செய்த காரியம் அது ஒன்றுதான். சற்றுத் தள்ளி வட்ட மேசையில் மீசைக்காரரும் கோழிக்காலைக் கையில் எடுத்திருந்தார்.

"காரம் பத்தல. ஆனா வேக்காடு நல்ல வேக்காடு" என்றாள் அம்மா, தட்டிடம் சொல்வது போல.

கடைசியில் பேரிக்காய். பட்டை போட்டுச் சர்க்கரைப் பாகில் வேக வைத்தது, கூடவே ஒரு கரண்டி பாலாடை. நாங்கள் அதுவரை பேரிக்காயை உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டு, பல் வலிக்கக் கடித்துத்தான் தின்றிருக்கிறோம். அப்பா ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, "இவ்வளவு நாளும் இத நாம அவசரப்பட்டுல்ல திண்டிருக்கம்" என்றார். அம்மா சிரித்துவிட்டாள். பஸ் ஏறியதிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான். பாகை வழித்து முடித்ததும் கத்தியையும் முள்ளையும் எடுத்து, நான் சொல்லிக் கொடுத்தபடி தட்டில் சேர்த்து வைத்தாள். அதை என்னிடம் காட்டவும் காட்டினாள்.

கூட்டம் கலைய மணி மூன்றானது. அவள் கை கழுவிக்கொண்டு, ஒரு எவர்சில்வர் டப்பாவோடு எங்கள் மேசைக்கு வந்து நின்றாள். அதற்குள் வேறு மேசையில் ஆள் அதிகமாகி எங்களிடமிருந்த நான்காவது நாற்காலியை எடுத்துப் போயிருந்தார்கள். டப்பாவில் என்ன என்று அம்மா கேட்டாள். ரசம் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும், வீட்டிலிருந்து கொண்டு வந்தது என்றாள்.

"இத்தனையும் ஆக்கிப் போட்டுட்டு நீ ரசஞ்சோறு திங்கறயா?"

"காலைல இருந்து ருசி பாத்துப் பாத்து நாக்கு மரத்துப் போகுதுங்கம்மா. ரசம் ஊத்துனாத்தான் உசுரு வருது."

நான் எழுந்து என் நாற்காலியைக் கொடுக்கப் போனேன். அம்மா என்னை முந்திக்கொண்டாள். ஜன்னலோரமாக இருந்த தன் நாற்காலியை விட்டு எழுந்து, அதை இழுத்துப் போட்டு, "உக்காரு அம்மணி" என்றாள். அவள் மறுத்தாள். அம்மா தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள். பிறகு டப்பாவைத் திறந்து, மிச்சமிருந்த வெள்ளைத் தட்டு ஒன்றில் சோற்றைக் கவிழ்த்து, மஞ்சள் பையிலிருந்து தவிட்டுப்பழத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அவள் சாப்பிட்டு முடிக்கிறவரை, சாய்மானத்தில் கை வைத்தபடி பின்னாலேயே நின்றாள்.

"மெதுவா சாப்பிடு" என்றாள். "அவசரமில்ல."

பஸ்ஸில் அம்மா எனக்கு முன் சீட்டில் இருந்தாள். எஸ்டேட் எல்லை வந்தது. இறங்குவதற்கு முன்னால், தலையைத் திருப்பாமலே சொன்னாள்.

"நீதான் எங்கள வெளிய பெஞ்சுல போடப் பாத்த. அந்தப் புள்ள ஜன்னலோரம் உக்கார வெச்சுட்டா. உன்னக் கட்டிக்கிறதுக்கு அதுதான் யோசிக்கோணும்."

அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். மன்னிப்புக் கேட்க நான் வாயெடுப்பதற்குள், கல்யாணத்துக்குப் பந்தியில் என்ன போடுவது என்று அம்மா பேச ஆரம்பித்துவிட்டாள். பேரிக்காய் இனிப்பு வேண்டுமாம். தை மாசத்தில் பேரிக்காய் கிடைக்காது, அவள் காலம் தப்பிய காயைத் தொடமாட்டாள் என்றேன். "அப்ப அந்தக் காலத்துல என்ன வருதோ அதப் போடட்டும்" என்றாள் அம்மா.

கேரட் அல்வா போட்டோம். ஊட்டி கேரட் நன்றாக இருந்த சமயம். குன்னூர் மண்டபத்தில் கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம். முகூர்த்தம் முடிந்து இரண்டாவது பந்தி நடந்துகொண்டிருந்தபோது, நாங்கள் மேடையிலிருந்து கீழே சாப்பாட்டுக் கூடத்தைப் பார்த்தோம். உணவகத்திலிருந்து எல்லாரும் வந்திருந்தார்கள். வெள்ளை மீசைக்காரரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். இரண்டு பேரும், யாரும் சொல்லாமலே, ஒரு வரிசையின் நடுவில் இரண்டு நாற்காலிகளுக்குப் பின்னால் போய் நின்றிருந்தார்கள். அவர் மிலிட்டரிக்காரர் என்பதால் விறைப்பாக நின்றார்.

அம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவர்களிடம் போவதைப் பார்த்தோம். அந்த வரிசையில் இன்னும் ரசமே வரவில்லை என்று கையால் காட்டி, மோர் ஊற்றிக்கொண்டிருந்த கடைசி வரிசைக்கு அவர்களைக் கூட்டிப் போனாள். அந்த அம்மாள் அங்கே ஒரு நாற்காலியின் சாய்மானத்தில் கை வைத்தார். முன்னால் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எங்கள் பள்ளித் தலைமையாசிரியர். அவர் பதறித் திரும்பியதும், அந்த அம்மாள் குனிந்து ஏதோ சொன்னார். மேடைக்குக் கேட்கவில்லை. தலைமையாசிரியர்தான் பிறகு வந்து சொன்னார்:

"மெதுவா சாப்பிடுங்க, அவசரமில்ல."